கொஞ்ச நேரம் ரேடியோவை அணைத்து வையுங்கள்

வானொலியில் வேலை செய்யும் எனக்கு எப்போதும் ஒரே கவலைதான். கேட்பவர் நிலையத்தை மாற்றிவிடக் கூடாது, ஒலியைக் குறைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட நானே இந்த வாரம் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும்போது முதல் ஐந்து நிமிடம் காரில் ரேடியோவை அணைத்து வையுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பிரேக் பிடிக்கும்போது என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள்.

இதைச் சொல்லக் காரணம், அப்படி ஒரு சத்தத்தை நான் மூன்று வாரம் கேட்டும் கேட்காதவன் போல இருந்தேன்.

கிள்ளானிலிருந்து விடியுமுன் கிளம்பி, கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூருக்கு வருகிறேன். அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்குள் நுழையும்போதுதான் பிரேக்குக்கே வேலை வரும். ஒருநாள் அங்கே சிவப்பு விளக்குக்காக நிறுத்தியபோது ‘கீச்’ என்று மெல்லிய சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டது. எரிச்சலாக இருந்ததால் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். ஸ்டுடியோவில் யாராவது காகிதத்தைப் புரட்டினால்கூடக் கண்டுபிடித்துக் கோபப்படுகிறவன், என் சொந்தக் காரின் சத்தத்தைப் பாட்டுக்குள் அமுக்கிவிட்டேன்.

கண்டுபிடித்தவர் அப்பா. போர்ட் கிள்ளானில் முப்பது ஆண்டு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சந்தைக்கு அழைத்துப் போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும், “உன் காடி மூனு தடவ கத்திடுச்சி. உனக்குப் பாட்டுதான் கேக்குது” என்றார்.

அது ஏன் கத்துகிறது?

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதன் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பிரேக் பேட்கள் இருக்கும். இரண்டையும் கிடுக்கி போலப் பிடித்திருப்பது காலிப்பர். நாம் மிதித்ததும் பிரேக் எண்ணெயின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பேட்கள் தட்டை இறுக்குகின்றன. வண்டியின் ஓட்டம் உராய்வில் சூடாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை நிறுத்துவதும் 120-ல் வரும் காரை நிறுத்துவதும் ஒரே வேலை இல்லை.

1953-ல் லெ மான்ஸ் கார் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார்கள் வென்ற பிறகு இந்த ஏற்பாட்டின் அருமை உலகுக்குத் தெரிந்தது. இன்று நம் வீட்டு மைவியின் முன்சக்கரங்களிலும் இதுதான் இருக்கிறது. பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்.

புதிய பேட்டில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. பல பேட்களின் ஓரத்தில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து முடியும் தறுவாயில் அந்த நாக்கு தட்டில் உரசிக் கீச்சிடும். கெட்டுப்போனதால் வருகிற சத்தம் இல்லை அது. கெட்டுப்போவதற்கு முன் நமக்குச் சொல்ல வேண்டும் என்றே செய்து வைத்த சத்தம். அதைத்தான் நான் மூன்று வாரம் பாட்டுப் போட்டு மூடினேன்.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல

இரவு மழை பெய்து, காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் உரசல் கேட்டுப் பிறகு நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். ஈரத்தில் தட்டின் மேல் படிந்த மெல்லிய துரு அது. மிதித்ததும் போய்விடும்.

தினமும், ஒவ்வொரு மிதிக்கும் மெல்லிய கீச்சொலி வந்தால் பேட்டைப் பார்க்க வேண்டிய நேரம். ‘கர்ர்’ என்று இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் பேட் தீர்ந்து, அதன் பின்தகடே தட்டை அரைக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் காரை ஓட்டவே கூடாது. மேடுபள்ளத்தில் மட்டும் ‘டக் டக்’ என்று கேட்டால் பேட் தன் இடத்தில் ஆடுகிறது, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது.

காலும் கையும் சொல்லும் செய்திகள் உண்டு. மிதிக்கும்போது காலடியில் துடிப்பு தெரிந்தால் தட்டின் கனம் ஒரு சீராக இல்லை. ஸ்டீரிங் ஒரு பக்கமாக இழுத்தால் ஒரு காலிப்பர் சிக்கியிருக்கலாம். பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், எண்ணெய் கசியலாம். இந்த மூன்றில் எது இருந்தாலும் வீட்டு வேலை வேண்டாம், நேரே பட்டறைக்குப் போங்கள்.

நம் நாட்டில் பேருந்து, டாக்சி, லாரிகளுக்குத்தான் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயப் பரிசோதனை. நம்முடைய சொந்தக் கார், பெயர் மாற்றம் போன்ற காரியங்களுக்காகப் போனால்தான் பரிசோதனை மையத்தைப் பார்க்கும். சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்கும்போது யாரும் பிரேக்கைத் திறந்து பார்ப்பதில்லை. பத்து ஆண்டு ஓடிய காரில் பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று பார்க்க வேண்டியவர் அதை ஓட்டுகிறவர்தான்.

வீட்டில் மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் பணம் மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் தாமானில் பட்டறை வைத்திருக்கும் போமென் அண்ணனிடம் கேட்டேன். “செய் தம்பி. ஆனா முடிச்சதும் ரோட்டுல எறக்காத. நான் வந்து பாக்குறேன்” என்றார். அப்பா நாற்காலியைப் போர்ச்சில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முட்டி வலியால் அவரால் குனிய முடியாது. வாய்க்கு ஒன்றும் வலியில்லை.

முதலில் பேட் வாங்குவது. கார் எந்த ஆண்டு, எந்த மாடல் என்று சொல்லி, கடைக்காரர் தருவதைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் பழைய பேட்டைக் கழற்றியதும் புதியதோடு ஒட்டி வைத்து வடிவத்தைச் சரிபாருங்கள். பேட்டின் பின்தகட்டில் வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும், 90ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருந்தால், மாற்று பேட்களுக்கான ஐக்கிய நாடுகள் விதிப்படி சோதித்த பொருள் என்று அர்த்தம். பெயரே இல்லாத பெட்டியில் பாதி விலைக்குக் கிடைப்பதை விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் அவசரத்தில் மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இனி வேலை. சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஆட்டோ கார் என்றால் ‘பி’யில் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். தூக்கியதும் கீழே ஸ்டாண்ட் வைக்க வேண்டும். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் கையையோ தலையையோ உள்ளே கொண்டுபோகக் கூடாது. கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் படுக்க வைத்தேன். “அது ரெண்டாவது ஸ்டாண்டு” என்றார் அப்பா.

சக்கரத்தைக் கழற்றினால் காலிப்பர் தெரியும். அதன் பின்பக்கம் இரண்டு போல்ட், பல கார்களில் 12 அல்லது 14 மில்லிமீட்டர் ஸ்பேனர். கீழ் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கினால் சில கார்களில் போதும். முழுதாகக் கழற்ற நேர்ந்தால் கம்பி போட்டு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் குழாயில் தொங்கவே கூடாது. குழாய் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது.

பேட் இருந்த விதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு உருவுங்கள். உள் பேட்டையும் வெளி பேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என் காரில் வெளிப்பக்கம் 4 மில்லிமீட்டர் இருந்தது, உள்பக்கம் 1-தான். காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் இரண்டு பின்களில் ஒன்று காய்ந்து இறுகிப்போயிருந்தது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ‘இன்னும் இருக்கிறது’ என்று நான் இரண்டு மாதம் முன்பு முடிவு செய்தது இதனால்தான் தவறாகப் போனது. அந்தப் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பழைய பேட்கள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடைத்தால் போதும். தட்டில் ஆழமான கோடு, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று தட்டின் மேலேயே பெரும்பாலும் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் தட்டையும் மாற்ற வேண்டும்.

புதிய பேட் கனமானது என்பதால், வெளியே வந்திருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் அது நுழையும். பழைய பேட்டைப் பிஸ்டன் மேல் வைத்து, ஜி கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்க வேண்டும். பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்க் குடுவையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக அங்கே எண்ணெய் ஏறும். இடையில் யாராவது எண்ணெய் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்துவிடும். கார் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். இன்னொரு சக்கரத்தின் காலிப்பரை அதுவரை தொட வேண்டாம். சந்தேகம் வந்தால் அது மாதிரியாக இருக்கும், எதிர்ப்பக்கப் பிஸ்டன் வெளியே தள்ளி வரும் ஆபத்தும் இருக்காது.

பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் சில பிஸ்டன்களைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பட்டனை அழுத்தினால் வேலை செய்யும் ஹேண்ட் பிரேக் என்றால் அதற்குத் தனி முறை இருக்கிறது. அவற்றைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

பேட்டின் முகத்தில் கிரீஸோ எண்ணெயோ கைரேகையோ படாமல் பொருத்தி, போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி, சக்கரத்தை மாட்டினேன். இரண்டு பக்கமும் முடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. போமென் அண்ணன் முக்கால் மணி நேரத்தில் முடித்திருப்பார்.

நான் மறந்த ஒரு வேலை

இனி நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சாமான்களை எடுத்து வைத்தேன். கை கழுவினேன். போமென் அண்ணன் வந்து பார்க்க வசதியாகக் காரைக் கொஞ்சம் பின்னால் எடுக்கலாம் என்று ஏறி உட்கார்ந்து இஞ்சினைத் தட்டினேன். அப்பா எழுந்து போய்க் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். என்னுடையது பழைய மேனுவல் மைவி. ரிவர்ஸ் போட்டு, கிளச்சை விட்டேன். கார் போர்ச்சைத் தாண்டி, சாலைக்கு இறங்கும் சரிவுக்கு வந்ததும் பிரேக்கை மிதித்தேன்.

பெடல் தரை வரை போனது. எந்த எதிர்ப்பும் இல்லை. பேப்பர் கப்பை மிதித்தது போல இருந்தது. மறுபடி மிதித்தேன். மறுபடியும் தரை. கண்ணாடியில் அப்பாவின் முதுகு. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். கார் குலுங்கி நின்றது. அப்பா திரும்பிப் பார்த்தார். அவருடைய முட்டிக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

நடந்தது இதுதான். பேட்டை நுழைக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளினேன் அல்லவா? அது உள்ளேயேதான் நின்றது. பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே வெற்றிடம். முதல் சில மிதிகளில் தள்ளப்படும் எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடும். அதுவரை நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. ஹேண்ட் பிரேக் எண்ணெயை நம்புவதில்லை. அது கம்பியால் பின்சக்கர டிரம்மை இழுத்துப் பிடிப்பது. அதனால்தான் அது மட்டும் பிடித்தது.

ஆக, பேட் மாற்றும் வேலையின் கடைசிப் படி சக்கரத்தை மாட்டுவது இல்லை. காரை அசைப்பதற்கு முன், இஞ்சினைத் தட்டுவதற்கும் முன், பெடல் கல் போல இறுகும் வரை மெதுவாக மிதித்து மிதித்து விடுவதுதான் கடைசிப் படி. பத்துத் தடவை மிதித்தும் இறுகவில்லை என்றால் கார் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இறுகிய பிறகு எண்ணெய்க் குடுவையில் அளவு சரியா என்று பார்த்து, இஞ்சினைத் தட்டி மறுபடி ஒரு முறை மிதித்துப் பார்த்து, அப்புறம்தான் கியர். அந்த நேரத்தில் காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

அப்பா என்னைத் திட்டவில்லை. கேட்டைச் சாத்தினார். “எறங்கு. டீ குடிச்சிட்டு வா” என்றார். என் கை நடுங்கியதை அவர் பார்த்திருப்பார். டீ குடித்து முடித்ததும், “நானும் சொல்ல மறந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

மாற்றிய பிறகு

போமென் அண்ணன் வந்து, இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத சாலைக்குக் கூட்டிப் போனார். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிடித்து விடுவது, கொஞ்சம் ஓட்டி ஆறவிடுவது, மறுபடி பிடிப்பது. இப்படி எட்டு, பத்து முறை. புதிய பேட்டின் முகமும் தட்டின் முகமும் ஒன்றோடொன்று பழகுவதற்காக இது. முதல் இரண்டு மூன்று நூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் பிடிக்கும் தேவை வராத அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்று பிரேக் எண்ணெய். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். குமிழியை அமுக்கலாம், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. அன்று என் வீட்டு வாசலில் நான் உணர்ந்த அதே வெறும் பெடல், மலைச்சாலையில் வரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வதும், கெந்திங் இறக்கத்தில் ‘கியர் ரெண்டா’ என்று பலகை வைத்திருப்பதும் இதற்காகத்தான். 2013 ஆகஸ்ட் 21-ல் அந்த மலைச்சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அந்த வழியாக இறங்கும்போது சின்ன கியரில் இறங்குங்கள். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

தீபாவளிக்கு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பேட்டைப் பாருங்கள். கிளம்பும் முதல்நாள் பட்டறைகளில் இடமே கிடைக்காது. வீட்டில் மாற்றத் தைரியம் வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டறையில் கழற்றும்போது பக்கத்தில் நின்று, உள் பேட், வெளி பேட் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். அதுவே பாதி வேலை.

இப்போதும் விடியுமுன்தான் கிளம்புகிறேன். கிள்ளான் தாண்டும் வரை ரேடியோ போடுவதில்லை. முதல் சில நிறுத்தங்களில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் திருப்புகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எங்களிடம் வந்துவிடுங்கள், நாங்கள் அங்கேயேதான் இருப்போம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.